‘இப்போது வேண்டாம்’ என்ற சாம்பல் எழுத்து

முற்பகல் பதினொன்று இருபதுக்கு அந்தச் செய்தி வந்தது. பெங்களூரில் ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். ஃபோனில் ‘காரைக்குடி மாமா’ என்று பெயர் தெரிந்தது. எடுப்பதற்கு முன்பே ஏதோ சரியில்லை என்று பட்டுவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் மாமனார், உன் தாத்தா, என் எண்ணுக்கு ஒருமுறைகூட அழைத்ததில்லை. என்னிடம் கேட்க வேண்டியதை உன் அம்மாவிடம் கேட்பார், அவள் என்னிடம் கேட்பாள், என் பதிலும் அதே வழியில் அவருக்குத் திரும்பிப் போகும். மாமனாரும் மருமகனும் நேரடியாகப் பேசிக்கொள்வது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. அது மனஸ்தாபம் இல்லை, மரியாதை. அன்றைக்கு நடுவில் ஆள் இல்லாததால்தான் அவரே அழைத்தார். “மாப்ள, ஒங்க வீட்ல... அவ போயிட்டா மாப்ள” என்றார். உன்னைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். மதுரைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

உனக்கு இப்போது நாலு வயது. இதை நீ வளர்ந்து ஆளாகி, என் முன்னால் உட்கார்ந்து சரிக்குச் சரி வாதாடும் வயதில் படிப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். உன் அம்மாவைப் பற்றி எழுதத்தான் பலமுறை உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. எனக்கு இன்னும் சரியாக அழுகைகூட வரவில்லை. பல் பிடுங்கும்போது ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகும் பார், அப்படி இருக்கிறது. தொட்டால் தெரிகிறது, வலிப்பதில்லை. அதனால் எனக்குக் கை ஓடுகிற ஒரு விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். ஒரு கணினி, அதில் வந்து வந்து நிற்கிற ஒரு அறிவிப்பு. இதெல்லாம் மகனுக்கு எழுதுகிற விஷயமா என்று உனக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துக்கொள். உன் அம்மாவும் சிரித்திருப்பாள்.

உன் தாத்தா சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து, கொடியும் விளக்கும் வைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் பாதி வாழ்க்கையைக் கழித்த மனிதர். வீட்டில் சும்மா இருந்தால் ஒடிந்துவிடுவார் என்று உன் அம்மா அவருக்கு ஒரு கணினி வாங்கி ஹாலில் ஜன்னல் ஓரமாக வைத்தாள். திரையில் அவருக்கு வேண்டியது மட்டும் பெரிது பெரிதாக இருக்கும்படி அவளே அடுக்கினாள். ‘அப்பா பாட்டு’, ‘அப்பா சீட்டு’, ‘பேப்பர்’, ‘பேரன்’. பேரன் என்பதை அழுத்தினால் உன் படங்கள் வரும். எது எங்கே இருக்கிறது என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒரே ஒரு தொந்தரவு. அந்தக் கணினியின் இயங்குதளத்துக்குப் புதிய பதிப்பு வந்துவிட்டது, உடனே மாறுங்கள் என்று திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு நீலப் பக்கம் வந்து நிற்கும். வரும்போதெல்லாம் அவர் மகளுக்கு ஃபோன் பண்ணுவார். “அப்பா, கீழ சின்னதா ‘இப்போது வேண்டாம்’னு இருக்கும், அத அமுக்கிட்டுப் பாட்டப் போடுங்க” என்று, குக்கர் விசிலுக்கு நடுவே, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே சொல்வாள்.

இந்த மாதிரி அறிவிப்புகளை நீயும் வாழ்நாள் முழுக்கப் பார்க்கப் போகிறாய் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். நான் பிழைப்பது இந்தத் தொழிலில். மக்கள் எதை அழுத்த வேண்டும் என்று கம்பெனி நினைக்கிறதோ அதற்குப் பெரிய பொத்தான், நல்ல நிறம். மறுப்பதற்கு மங்கிய சாம்பல் எழுத்து, அதுவும் ஓரத்தில். ‘வேண்டாம்’ என்று எங்கேயும் இருக்காது. ‘இப்போது வேண்டாம்’ என்றுதான் இருக்கும், நாளைக்கு மறுபடி கேட்க வேண்டுமல்லவா. அதனால் அவசரப்பட்டு எதையும் அழுத்தாதே. பக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் படி. மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அழுத்திவிட்டதாலேயே மறுத்துவிட்டதாக நினைக்காதே. அதே சமயம், வருகிற எல்லாவற்றையும் விரட்டவும் கூடாது. பாதுகாப்புக்காக அவ்வப்போது வரும் சின்னத் திருத்தங்களை வாங்கிக்கொள். அது கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது. முழுப் பதிப்பையே மாற்றச் சொன்னால் மட்டும் நிதானி. உன் கணினி தாங்குமா, உன் பிரிண்டர் வேலை செய்யுமா, உன் படங்களுக்கெல்லாம் வேறிடத்தில் ஒரு நகல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீ முடிவு பண்ணு. நீ ஒத்துக்கொண்டால் மாறட்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால், இந்தப் பதிப்பிலேயே நில் என்று கணினிக்குக் கட்டளை போட அமைப்புகளுக்குள் வழி இருக்கிறது. தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேள்.

காரியம் எல்லாம் முடிந்து உன்னைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் வந்த பிறகு, உன் அம்மாச்சி, அதாவது என் அத்தை, உன்னோடு தினமும் வீடியோவில் பேசினார். தாத்தா வரவில்லை. முதல் நாள் மட்டும் எட்டிப் பார்த்தார். உன் சிரிப்பு அப்படியே உன் அம்மா சிரிப்பு. பார்த்தவர் எழுந்து போனவர்தான். பிறகு அந்த நேரத்துக்கு வெளியே கிளம்பிவிடுவார் என்று அம்மாச்சி சொன்னார். என்னோடு பேச அவருக்குப் பழக்கமில்லை, உன்னைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான் போல, இந்தக் கிளை இப்படியே காய்ந்துவிடும் போல என்று நினைத்தேன். நினைத்தபோதும் வலிக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் அவருடைய இரண்டாவது அழைப்பு வந்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

“மாப்ள, வேலையா இருக்கீகளா?”

“இல்ல மாமா, சொல்லுங்க. என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. அது வந்து நிக்கிது.”

“எது மாமா?”

“அதான், நீலக் கலர்ல. ‘இப்போதே மாறு’ங்குது, இல்லாட்டி ‘இன்று இரவு மாறு’ங்குது. ரெண்டுமே போ போங்குது. நில்லுங்குற சிக்னலே இல்லாம ஒரு ஸ்டேசனா? மவுச இங்குட்டுத் தள்ளுனா அங்குட்டுப் போயி நிக்கிது.”

“கீழ பாருங்க மாமா. சாம்பக் கலர்ல ‘இப்போது வேண்டாம்’னு இருக்கும்.”

“இல்லையே... இருங்க, கண்ணாடியத் தொடைக்கிறேன். ஆமா, இருக்கு. எறும்பு ஊந்த மாதிரி இருக்கு. அமுக்கவா? அமுக்குனா கோவிச்சுக்கிறாதே?”

“கோவிச்சுக்காது மாமா. ரெண்டு மூணு நாள்ல திரும்ப வரும்.”

“வரட்டும், வரட்டும்” என்றார். அந்த ஹாலில் ஓடுகிற மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டார் என்று நினைத்தபோது, “சாப்டீகளா?” என்றார். சாப்பிட்டேன் என்றேன். “சரி, வச்சிர்றேன்” என்று வைத்தார்.

அது மறுபடி வந்தது. அவரும் மறுபடி அழைத்தார். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே தேடல், அதே எறும்பு. ஆனால் அமுக்கிய பிறகு வருகிற அந்தப் பேச்சின் வால் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. சிங்கம்புணரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனது, அங்கே சாம்பாரில் உப்பே இல்லாதது, டவுன் பஸ்ஸில் நடத்துனரோடு சில்லறைக்குச் சண்டை போட்டது, அத்தையின் முட்டி வலி. நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். உன்னைப் பற்றி நேராகக் கேட்க மாட்டார். “அங்குட்டு மழையா? சளி கிளி புடிக்கிற நேரம்” என்பார். உனக்குச் சளி இல்லை என்று நான் சொல்வேன். ஒரு முறை, “மாப்ள, இது மாறுச்சுன்னா இந்த ‘அப்பா பாட்டு’ எழுத்தெல்லாம் என்னாகும்? அவ எழுதி வச்சது. எடம் மாறிருமா?” என்று கேட்டார். அவள் போன பிறகு எங்கள் இருவரில் ஒருவர் அவளைப் பற்றி இன்னொருவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. இடம் மாறினாலும் மாறலாம் மாமா என்றேன்.

இதற்குப் பிறகு நான் செய்ததை, என்னைப் போலப் படித்தவன் மட்டும்தான் செய்வான். அவர் பயப்படுகிறார், அந்தப் பயத்தைப் போக்க எனக்குத் தெரியும். அவ்வளவுதான் என் மூளைக்கு எட்டியது. பெங்களூரில் இருந்தபடியே அவர் கணினிக்குள் நுழைந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க, இந்தப் பதிப்பிலேயே நில் என்று கட்டளை போட்டேன். சின்னப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகிற வழியை மட்டும் திறந்து வைத்தேன். உன் படங்களையும் அவள் அடுக்கிய அந்தத் திரையையும் நகல் எடுத்தேன். எல்லாம் கச்சிதமாக முடிந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலையை முழுசாகச் செய்தது மாதிரி இருந்தது.

“மாமா, இனிமே அது வராது.”

“வரவே வராதா?”

“வரவே வராது மாமா. நீங்க நிம்மதியா பாட்டுக் கேளுங்க.”

“நல்லது மாப்ள. பெரிய உபகாரம்” என்றார். உபகாரம் என்பது வெளியாளிடம் சொல்கிற வார்த்தை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அன்றைக்கு அவர் சாப்டீகளா என்றும் கேட்கவில்லை.

அழைப்புகள் நின்றன. எனக்கு அது தெரியவே பல நாள் ஆயிற்று, அப்படித்தான் இருந்தேன் அப்போது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாச்சியிடம் உன் புது பஸ் பொம்மையைக் காட்டிக்கொண்டிருந்தபோது, மாமா எங்கே அத்தை, சத்தத்தையே காணோம் என்று கேட்டேன்.

“எங்க போறாக? அந்தப் பொட்டிக்கு முன்னாலதான் உக்காந்திருக்காக. பாட்டும் போடல, சீட்டும் போடல. என்னத்தப் பாக்குறீகன்னு கேட்டா, ‘ஒண்ணும் வரல’ங்குறாக.”

“வரக்கூடாதுன்னுதானே அத்தை சரி பண்ணேன்?”

அத்தை உன்னைப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். நீ நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினார். “அட போங்க மாப்ள. அந்தச் சாம்ப எழுத்து தெரியாமயா ஒங்களுக்குப் போன் போட்டாக? மழையில அரை மைலுக்கு அங்குட்டு நிக்கிற ரயில் கைகாட்டியப் பாத்த கண்ணு அது. பிள்ள இருந்தப்பவும் இதே கூத்துத்தான். அமுக்கத் தெரியும், இருந்தாலும் அவள ஒருக்கா கூப்புட்டுக் கேட்டாத்தான் அவுகளுக்கு விடியும். இப்ப ஒங்களக் கூப்புடணும்னா ஒரு காரணம் வேணாமா? மருமகனுக்குச் சும்மா போனப் போட்டு ‘எப்படி இருக்கீக’ன்னு கேக்குற ஆளா அவுக?”

அத்தை மேலும் சொன்னார். “தப்பா நெனக்காதீக. நீங்க சின்ன வயசு. நாளைக்கு இன்னொரு கல்யாணம் காச்சின்னு ஆகும், ஆகணும். அப்ப நாங்க எந்தக் கயிறப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது? பேரன் மொகமே மறந்துருமோன்னு அவுகளுக்குப் பயம். வாயத் தொறந்து சொல்லத்தான் தெரியாது.”

மகனே, நான் இதுவரை பழுது பார்த்த எதுவும் இப்படி என்னைத் திருப்பி அடித்ததில்லை. அந்த மனிதருக்கு அந்த நீலப் பக்கம் தொந்தரவே இல்லை. என்னிடமும் உன்னிடமும் வருவதற்கு அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி அது. அதை நான் ரொம்பத் திறமையாக அடைத்திருக்கிறேன். நீ எதைச் சரி செய்யப் போனாலும், கேட்டவர் எதைக் கேட்டார் என்பதோடு, ஏன் உன்னிடம் வந்து கேட்டார் என்பதையும் ஒரு நிமிடம் யோசி. சில பேர் பழுதைச் சாக்காக வைத்துக்கொண்டு உன்னைப் பார்க்க வருகிறவர்கள். அவர்களுக்கு நீ எவ்வளவு சீக்கிரம் வேலையை முடித்துக் கொடுக்கிறாயோ அவ்வளவு நஷ்டம்.

அன்றைக்கே அவர் கணினிக்குள் போய் நான் போட்ட கட்டளையை எடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை உன்னைக் காப்பகத்துக்குக் கிளப்ப சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது அழைத்தார். குழந்தை பிறந்த சேதி சொல்கிற மாதிரி இருந்தது குரல்.

“மாப்ள! வந்துருச்சு!”

“அப்படியா மாமா? என்ன கலர்ல இருக்கு?”

“அதே நீலம்தான். நீங்க வராதுன்னீக!”

“அது நம்ம சொன்னாக் கேக்குமா மாமா?”

“கேக்காது, கேக்காது. ரெயில்வே மாதிரிதான். இப்ப நான் என்ன பண்ணணும்?”

சாம்பல் எழுத்தைத் தேடினோம். அவர் கண்ணாடியைத் துடைத்தார். எறும்பு ஊர்ந்தது. தனக்குத் தெரியும் என்று அவர் காட்டிக்கொள்ளவில்லை. அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்று நானும் காட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்கு நிறைய நேரம் பேசினோம். உன் அம்மா சின்ன வயதில் அவருடைய பச்சைக் கொடியை எடுத்துப் பாவாடை தைத்துத் தரச் சொல்லி அழுததைச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆயிற்று. நான் காத்திருந்தேன். என் கன்னம் நனைந்திருப்பதை நீ உன் விரலால் தொட்டுப் பார்த்தாய். பிறகு அவர் கேட்டார்:

“மாப்ள, ஒண்ணு கேக்குறேன். இது எப்பவாச்சும் நெசமாவே நின்னு போயிருமா?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “நிக்கும் மாமா. ஒரு நாளைக்கு இந்தப் பதிப்பையே கம்பெனிக்காரங்க கைவிட்டுருவாங்க. அப்ப வேற பொட்டிதான் வாங்கணும். அதுல இது வராது.”

“அப்பறம் ஒங்களுக்குப் போன் போட எனக்கு ஒரு வேலையும் இருக்காது” என்றார். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். “சரி, பிள்ளைக்கு நேரமாச்சு” என்று வைத்துவிட்டார். உன்னை அவர் பிள்ளை என்று என்னிடம் சொன்னது அதுதான் முதல் முறை.

அந்த வாரமே மேலாளரிடம் பேசினேன். என் வேலைக்குக் கணினியும் இணையமும் இருந்தால் போதும். அது பெங்களூரில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. உன்னையும் நாலைந்து அட்டைப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு காரைக்குடி வந்து இறங்கினேன். எவ்வளவு நாளைக்கு என்று அத்தை கேட்டார். இவன் பள்ளிக்கூடம் போகட்டும், பிறகு பார்ப்போம் என்றேன். ஊரில் பேசத்தான் செய்கிறார்கள். பெண்டாட்டி இருந்து இங்கே இருந்தால் வீட்டோடு மாப்பிள்ளை என்பார்கள். என்னைப் போன்றவனுக்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை போலிருக்கிறது, கிடைத்ததும் சொல்லிக்கொள்ளட்டும். மறு கல்யாணப் பேச்சோடு வந்த உறவுக்காரர்களுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பிற்பாடு என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. எது ஆனாலும் நீ அவருடைய பேரன். அதை அவரிடம் வாய்விட்டே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு ரயில் பார்க்கப் போய்விட்டார். வரும்போது நீ அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். உன்னை இறக்கி விடாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், கை மரத்துப்போகும் வரை.

ஆனால் பழக்கம் பழக்கம்தான். நான் உள் அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பேன், அவர் ஹாலில் இருப்பார், நடுவில் ஒரே ஒரு சுவர். அது வந்து நின்றால் இப்போதும் எனக்கு ஃபோன்தான் போடுகிறார். சற்று முன்னால், இந்தக் கடிதத்தின் நடுவிலும் போட்டார். “மாப்ள, வேலையா இருக்கீகளா?” என்று சுவர் வழியாக ஒரு முறையும் ஃபோன் வழியாக ஒரு முறையும் கேட்டது. வெளியே போனேன். அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இருவருமாகச் சாம்பல் எழுத்தைத் தேடினோம். நீ அவர் மடியில் இருந்து முதலில் கண்டுபிடித்தாய். தாத்தா உன்னைக் கெட்டிக்காரன் என்றார். வேலை முடிந்ததும், “சரி மாப்ள, நீங்க போயி ஒங்க சோலியப் பாருங்க” என்றார், நான் கிளம்பிவிடுவேனோ என்று பார்த்துக்கொண்டே. நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பாட்டு ஓடியது.

மருமகனைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும், ஒரு வீட்டுக்குள் இருக்கிற எங்கள் இருவருக்கும் நடுவில் இனிமேல் ஒரு ஃபோன் மணிச் சத்தம் வேண்டாம் என்று படுகிறது. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் அவர் இந்தக் கதவு வரைக்கும் நடந்து வந்து ‘மாப்ள’ என்று கூப்பிடட்டும். என்ன விஷயம் என்று கேட்காமல் எழுந்து போவேன். கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். ஃபோனை அணைத்துவிட்டேன்.